√8-ம் √18-ம் ஒரே குடும்பம் தான்: ரூட் கணக்கை சுருக்கி கூட்டற வழி

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் வீட்டுல டியூசன் எடுக்கறேன், தமிழ் மீடியத்துல கேரளா சிலபஸ் படிக்கற ஒம்பதாவது பத்தாவது பசங்க தான் அதிகம், கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு அந்தப்பக்கம் தமிழ்நாட்டு ஸ்கூல்ல படிக்கற ரெண்டு மூணு பேரும் வருவாங்க. ரெண்டு பக்கமும் புக்கு வேற, வாத்தியார் வேற, பரீட்சை வேற, ஆனா ரூட் (வர்க்கமூலம்) கணக்குல வர்ற தப்பு மட்டும் ஒண்ணே ஒண்ணு தான். √9 + √16 எவ்வளவு கண்ணுன்னு கேட்டா 3-ம் 4-ம் 7ன்னு டக்குனு சொல்ற அதே பொண்ணு, √2 + √3ன்னு போர்டுல எழுதினா √5ன்னு எழுதிட்டு பென்சிலை கீழ வச்சுடறா. அப்ப 9-ம் 16-ம் கூட்டினா 25, √25 வந்து 5, ஆனா நீ இப்ப தான் 7ன்னு சொன்னயேன்னு கேட்டா அப்படியே முழிக்கறா. முதல்ல சொன்னது யோசிச்சு சொன்னது, ரெண்டாவது எழுதினது கண்ணுல பட்டதை அப்படியே எழுதினது, அதான் வித்தியாசம்.

இந்த இடத்துல நான் புக்கை மூடிட்டு சென்ட் கணக்குக்கு போயிருவேன். எங்க ஊர்ல நிலம் பேசினா தமிழ், மலையாளம் ரெண்டு பாசையிலயும் சென்ட் தான், ஒரு சென்ட் 435.6 சதுர அடி, அப்ப 10 சென்ட் 4356 சதுர அடி. இப்ப 66-ஐ 66-ஆல பெருக்கி பாருங்க, கரெக்டா 4356 வரும். அதாவது சதுரமா இருக்கற 10 சென்ட் பூமிக்கு ஒரு பக்கம் 66 அடி, மிச்சம் மீதி எதுவுமே இல்லாம. இந்த மாதிரி ரெண்டு 10 சென்ட் பூமி ரோட்டோரமா அடுத்தடுத்து இருந்தா ரோட்டு முகப்பு 66 + 66 = 132 அடி. சரி, ஒரே சதுரமா 20 சென்ட் இருந்தா அதோட ஒரு பக்கம் எவ்வளவு, அதுவும் 132 அடியா? 132 × 132 போட்டா 17424 சதுர அடி, அது 40 சென்ட்டு! 20 சென்ட் சதுரத்தோட பக்கம் 66√2 அடி, அதாவது சுமார் 93 அடி தான். பரப்பைக் கூட்டிட்டு ரூட் எடுக்கறது ஒண்ணு, ரூட் எடுத்துட்டு நீளத்தைக் கூட்டறது வேற ஒண்ணு, இந்த ரெண்டையும் ஒண்ணுன்னு நினைக்கறது தான் √2 + √3 = √5ன்னு எழுத வைக்குது. தோப்பு இருக்கற வீட்டுப் பசங்களுக்கு இது ஒரே தடவை சொன்னா போதும், மறக்கவே மாட்டாங்க.

அப்ப ரூட்டை எப்ப தான் கூட்டலாம்? ரூட்டுக்குள்ள இருக்கற நம்பர் ஒண்ணா இருந்தா கூட்டலாம். 3√2 + 5√2 = 8√2, இதுல √2ங்கறது ஒரு பொருள் மாதிரி, மூணு குலை இளநீரும் அஞ்சு குலை இளநீரும் எட்டு குலை இளநீர். 3√2 + 5√7ன்னு வந்தா மூணு குலை இளநீரும் அஞ்சு சிப்பம் நெல்லும், அதை அப்படியே தான் எழுதி வைக்கணும், 8ன்னு ஒண்ணும் எழுத முடியாது. இது எல்லாருக்கும் புரியும். சிக்கல் எங்கன்னா, ஒரே பொருள் வேற வேற சட்டை போட்டுட்டு வந்து நிக்கும். √8-ம் √18-ம் பார்த்தா வேற வேற மாதிரி தெரியுது, "டீச்சரே இது கூட்ட முடியாது"ன்னு விட்டுருவாங்க. சட்டையைக் கழட்டினா ரெண்டும் √2 தான். அதனால கூட்ட முடியாதுன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் சுருக்கியே ஆகணும். சுருக்கறதுல தான் முக்கால்வாசி வேலை, கூட்டறது அரை நிமிசம்.

சுருக்கறதுக்கு ஒரே ஒரு விதி போதும், பெருக்கலை மட்டும் ரூட்டு பிரிச்சு விடும், √(4 × 2) = √4 × √2. கூட்டலை பிரிச்சு விடாது, அது மேல சென்ட் கணக்குல பார்த்துட்டோம். √8 வந்தா 8-க்குள்ள முழு வர்க்கம் (ஒரு முழு எண்ணை அதாலயே பெருக்கினா வர்ற நம்பர்) எது ஒளிஞ்சிருக்குன்னு தேடணும், 4 இருக்கு, √4 வெளிய வந்து 2 ஆயிரும், உள்ள 2 நிக்கும், 2√2. √18-ல 9 இருக்கு, 3√2. அப்ப

√8 + √18 = 2√2 + 3√2 = 5√2

இதுக்கு முழு வர்க்கங்கள் மனப்பாடமா வேணும்: 4, 9, 16, 25, 36, 49, 64, 81, 100, 121, 144. வாய்ப்பாடு தெரிஞ்ச பிள்ளைக்கு இது புதுசா படிக்கற விசயமே இல்ல. மலையாளம் மீடியம் பசங்களோட சேர்ந்து படிக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், அவங்க பூர்ணவர்க்கம்னு சொல்றது தான் நம்ம முழு வர்க்கம், அபாஜ்ய சங்க்யன்னு சொல்றது பகா எண், கடகம்னா காரணி. வர்க்கமூலம் மட்டும் ரெண்டு பாசையிலயும் வர்க்கமூலம். தமிழ்நாட்டு புக்குல முறுடுன்னு ஒரு வார்த்தை வரும், முழுசா ரூட் எடுக்க முடியாத √2, √3, √12 மாதிரி ஆளுங்களுக்கு அங்க வச்ச பேரு அது.

இப்ப √72 எடுத்துக்குவோம், இதுல தான் பாதி பேரு நடு வழியில நின்னுடறாங்க. 72 = 4 × 18ன்னு பார்த்து 2√18ன்னு எழுதிட்டு விடை வந்துருச்சுன்னு அடுத்த கணக்குக்கு போயிடுவாங்க. தப்பு இல்ல, ஆனா முடியல. உள்ள 18 இருக்கு, அதுல இன்னும் ஒரு 9 இருக்கு, அதையும் வெளிய எடுத்தா 2 × 3√2 = 6√2. முதல்லயே 36 × 2ன்னு பார்த்திருந்தா ஒரே ஸ்டெப்ல 6√2 வந்திருக்கும். பெரிய வர்க்கத்தை எடுத்தா வேகம், சின்னதை எடுத்தா கூட ஒரு ஸ்டெப்பு, விடை என்னமோ ஒண்ணு தான். உள்ள நிக்கற நம்பர்ல இனி 4, 9, 25, 49 மாதிரி எந்த முழு வர்க்கமும் போகலன்னு பார்த்துட்டு தான் பேனாவை கீழ வைக்கணும். வெளிய வர்ற 3 ஏற்கனவே வெளிய இருக்கற 2-ஓட பெருக்கணும், கூட்டக்கூடாது, இதை நான் எத்தனை நோட்டுல சிகப்பு மையில வட்டம் போட்டிருப்பேன்னு கணக்கே இல்ல. 3√8 வந்தா 3 × 2√2, அது 6√2, 5√2 இல்ல.

பெரிய நம்பர் வந்து எந்த வர்க்கம் போகும்னு கண்ணுக்கு தெரியலன்னா பகா எண்ணா உடைச்சுருங்க. கீழ கீழ எழுதி 2-ஆல, 3-ஆல, 5-ஆல வகுத்துட்டே போங்க, ஒரே நம்பர் ரெண்டு வந்தா ஜோடி, ஜோடிக்கு ஒருத்தர் வெளிய வரலாம், ஜோடி கிடைக்காதவங்க உள்ளயே இருக்கணும்.

72 = 2 × 2 × 2 × 3 × 3

2-ல ஒரு ஜோடி, 3-ல ஒரு ஜோடி, தனியா ஒரு 2. வெளிய 2 × 3 = 6, உள்ள 2. அதே 6√2. √588 கொடுத்தா 2 × 2 × 3 × 7 × 7, வெளிய 14, உள்ள 3, 14√3. √1083 மாதிரி ஒண்ணு வந்தா பசங்க இது சுருங்காதுன்னு விட்டுருவாங்க, ஆனா இலக்கத்தை கூட்டி பாருங்க, 1 + 0 + 8 + 3 = 12, அப்ப 3-ஆல போகும், 1083 ÷ 3 = 361, அது 19 × 19. விடை 19√3. இலக்கம் கூட்டற இந்த 3-ஓட சோதனையை சின்ன வகுப்புலயே சொல்லிக் கொடுத்திருப்பாங்க, ஒம்பதாவதுல அதை யாரும் ஞாபகம் வச்சுக்கறது இல்ல, ரூட் கணக்குல தான் அது நல்லா உதவுது.

கூட்டறதுக்கு இப்ப ஒரு முழு கணக்கு போடுவோம்.

3√20 − 2√45 + √125

√20 = 2√5, √45 = 3√5, √125 = 5√5. அப்ப 3 × 2√5 − 2 × 3√5 + 5√5 = 6√5 − 6√5 + 5√5 = 5√5. நடுவுல ரெண்டு அடிபட்டு போனதும் தப்பா போட்டுட்டோமோன்னு பயந்து அழிச்சிடாதீங்க, கழித்தல்ல இப்படி வரும். √12 + √27 − √75 போட்டு பாருங்க, 2√3 + 3√3 − 5√3, விடை பூஜ்யம். அதுவும் நல்ல விடை தான்.

கலந்து வர்ற மாதிரி ஒண்ணு:

√48 + √50 − √27 + √8
= 4√3 + 5√2 − 3√3 + 2√2
= √3 + 7√2

இங்க நின்னுடணும். மேல போக வழி இல்ல. √3 + 7√2-ஐ 7√5ன்னோ 8√5ன்னோ எழுதினா இவ்வளவு நேரம் போட்ட வேலை எல்லாம் போச்சு. கடைசி ஸ்டெப்ல மார்க் போற பசங்க தான் எங்கிட்ட அதிகம், முன்னாடி எல்லாம் சரியா போட்டுட்டு, விடை ஒரே நம்பரா வந்தே ஆகணும்னு ஒரு நினைப்புல சேர்த்து எழுதிடறாங்க. ரெண்டு துண்டா நிக்கறதும் முழு விடை தான் கண்ணு, நம்புங்க. 2 + √3-ம் அப்படியே தான், அது 2√3 ஆகாது, 2 வந்து வெறும் நம்பர், √3 வேற ஆளு.

சந்தேகம் வந்தா தசமத்துல சரி பார்க்கற பழக்கம் வச்சுக்கங்க. √2 = 1.414, √3 = 1.732, √5 = 2.236, √7 = 2.646, இந்த நாலு மனசுல இருந்தா போதும். 2√3 + 3√2 = 5√5ன்னு யாராவது எழுதினா, இந்தப்பக்கம் 3.464 + 4.242 = 7.706, அந்தப்பக்கம் 5 × 2.236 = 11.18. ரெண்டும் கிட்டத்துல கூட இல்ல. ஆனா இது சரி பார்க்க மட்டும், மேல போட்ட கணக்கு மாதிரி விடை 5√5ன்னு வந்தா, பரீட்சை பேப்பர்ல தசமத்துல போடுன்னு கேட்டாலொழிய 5√5ன்னே விட்டுருங்க, 11.18ங்கறது தோராயம், 5√5ங்கறது முழு உண்மை.

எனக்கு ரொம்ப பிடிச்ச ஒரு விசயத்தை இங்க சொல்லணும், பல டியூசன்ல இதை சொல்றதே இல்ல. ரெண்டு ரூட்டு ஒரே குடும்பமா இல்லையான்னு சுருக்காமலே கண்டுபிடிக்கலாம். உள்ள இருக்கற ரெண்டு நம்பரையும் பெருக்குங்க, வர்றது முழு வர்க்கமா இருந்தா கூட்டலாம், இல்லைன்னா கூட்ட முடியாது. √20-ம் √45-ம், 20 × 45 = 900, அது 30 × 30, அப்ப ஒரே குடும்பம். √12-ம் √18-ம், 12 × 18 = 216, 14 × 14 = 196, 15 × 15 = 225, நடுவுல நிக்குது, அப்ப சேராது. ஏன் இப்படின்னா, ஒரே குடும்பம்னா √20 = 2√5, √45 = 3√5 மாதிரி உள்ள அதே 5 தான் ரெண்டுலயும் இருக்கும், பெருக்கும்போது அந்த 5 ஜோடி ஆயிரும், வெளிய இருக்கற 2-ம் 3-ம் ஏற்கனவே வர்க்கமா உள்ள இருந்தது தான், அதனால மொத்தமும் வர்க்கம்.

இது புது டிரிக்கு இல்லைங்க. பாஸ்கராச்சாரியார் 12ம் நூற்றாண்டுல எழுதின பீஜகணிதத்துல இந்த மாதிரி ரூட்டுக்கு கரணின்னு பேரு, அதை கூட்டறதுக்கு இதே பெருக்கல் வழியை வச்சிருக்கார். அவர் கொடுக்கற கணக்குல 2-ம் 8-ம் வருது, 3-ம் 27-ம் வருது, சேராததுக்கு 3-ம் 7-ம் வருது. வழி இப்படி: உள்ள இருக்கற ரெண்டு நம்பரையும் கூட்டு, 2 + 8 = 10. பெருக்கி ரூட் எடுத்து ரெண்டு மடங்கு பண்ணு, 2 × √16 = 8. ரெண்டையும் சேர்த்தா 18, விடை √18. நம்ம வழியில √2 + 2√2 = 3√2, அதுவும் √18 தான். பரப்பை மட்டும் கூட்டி √10ன்னு விடாம, விட்டுப்போன அந்த 8-ஐயும் அவர் சேர்க்கறார். சென்ட் கணக்குல 10-ம் 10-ம் 20 ஆகாம 40 ஆனது ஞாபகம் இருக்கா, அங்க விட்டுப்போனது இதே ரெண்டு மடங்கு துண்டு தான், 2 × √(10 × 10) = 20.

கேரளாவுல படிக்கற பிள்ளைங்களுக்கு இன்னொண்ணும் சொல்வேன். 14ம் நூற்றாண்டுல இருந்த சங்கமகிராமத்து மாதவன், ஊர் இன்னைக்கு இரிஞ்ஞாலக்குடா பக்கம்னு சொல்றாங்க, வட்டத்தோட பை மதிப்புக்கு ஒரு தொடர் கொடுத்திருக்கார், அது √12-ல தான் ஆரம்பிக்குது. √12 × (1 − 1/9 + 1/45 − 1/189 + ...) இப்படி போகும். √12 = 2√3 = 3.464, இந்த நாலு உறுப்பு வரைக்கும் போட்டா 3.138 வந்துரும், இன்னும் போகப்போக 3.1416-க்கு பக்கத்துல பக்கத்துல போகும். நீங்க நோட்டுல சுருக்கற அதே √12 தான் பாலக்காட்டுல இருந்து பஸ் ஏறினா போய் சேர்ற தூரத்துல உக்காந்து ஒருத்தர் பை கண்டுபிடிக்க எடுத்துக்கிட்டது, இதைச் சொன்னா பசங்க நிமிர்ந்து உக்கார்றாங்க, எனக்கும் அந்த நேரம் ரொம்ப சந்தோசமா இருக்கும்.

பின்னம் வந்தா பயப்பட ஒண்ணும் இல்ல. 6/√3 வந்தா மேலயும் கீழயும் √3-ஆல பெருக்குங்க, 6√3/3 = 2√3. அப்ப √12 + 6/√3 = 2√3 + 2√3 = 4√3. √(1/2) + √8 வந்தா √(1/2) = √2/2, கூட 2√2, மொத்தம் 5√2/2. கீழ ரூட் நிக்கற வரைக்கும் குடும்பம் எதுன்னு தெரியாது, மேல ஏத்தின உடனே தெரிஞ்சுரும்.

எழுத்து வர்ற கணக்கு. புக்குல எக்ஸ்னு போட்டிருப்பாங்க, நான் இங்க க-ன்னு எழுதறேன், க பூஜ்யமோ அதுக்கு மேலயோன்னு வச்சுக்குவோம். ஜோடி விதி இங்கயும் அதே தான், க³ = க × க × க, ஒரு ஜோடி வெளிய, ஒண்ணு உள்ள.

√(50க³) + க√(8க)
= 5க√(2க) + 2க√(2க)
= 7க√(2க)

உள்ள 2-ம் ஒத்துப்போகணும், க-வும் ஒத்துப்போகணும், வெளிய க-வும் ஒண்ணா இருக்கணும், அப்ப தான் சேர்த்து ஒரே உறுப்பா எழுத முடியும். க மைனஸா இருக்கலாம்னு கணக்குல சொல்லியிருந்தா √(க²)-ஐ க-ன்னு எழுதக்கூடாது, க = −3 போட்டா √9 = 3 தானே வருது, −3 இல்லையே, அதனால அங்க மட்டு போட்டு |க|ன்னு எழுதணும். அப்புறம் √(க² + 9) பார்த்த உடனே க + 3ன்னு எழுத கை துடிக்கும். க = 4 போடுங்க, √25 = 5, ஆனா 4 + 3 = 7. நடுவுல பிளஸ் இருந்தா ரூட்டு பிரியாது, முதல் பக்கத்துல பார்த்த அதே தப்பு தான் எழுத்து போட்டுக்கிட்டு திரும்ப வருது.

போட்டு பார்க்க சிலது தர்றேன், விடையும் பக்கத்துலயே, மறைச்சுட்டு போடுங்க. √32 + √98, விடை 11√2. 2√63 − √28, விடை 4√7. √24 + √54 − √6, விடை 4√6. √80 + √18 − √5, இதுல 3√5 + 3√2ன்னு நிக்கும், 3 ரெண்டுலயும் இருக்கறதால 3(√5 + √2)ன்னு எழுதினாலும் சரி, 6√7ன்னு எழுதினா தப்பு.

கடைசியா, ஒரு பையன் எங்கிட்ட கொண்டு வந்த கேள்வி. ரோட்டோரமா வரிசையா மூணு சதுர பூமி, 20 சென்ட், 45 சென்ட், 80 சென்ட், முகப்புல மட்டும் கம்பிவேலி போடணும், எத்தனை அடி? நிஜத்துல நிலம் இவ்வளவு அழகா சதுரமா இருக்காது, கணக்குக்கு வச்சுக்குவோம். அவன் முதல்ல மூணையும் கூட்டி 145 சென்ட், 63162 சதுர அடி, ரூட் எடுத்தா சுமார் 251 அடின்னு போட்டு வந்தான். தனித்தனியா உடைக்க சொன்னேன்.

20 சென்ட் = 8712 = 4356 × 2, பக்கம் 66√2
45 சென்ட் = 19602 = 9801 × 2, பக்கம் 99√2
80 சென்ட் = 34848 = 17424 × 2, பக்கம் 132√2

மூணும் √2 குடும்பம். 66 + 99 + 132 = 297, அப்ப 297√2, 1.414-ஆல பெருக்கினா சுமார் 420 அடி. 251-க்கும் 420-க்கும் நடுவுல 169 அடி. அவன் ரெண்டு விடையையும் மாறி மாறி பார்த்துட்டு, பழைய நோட்டை எடுத்து √2 + √3 போட்ட பக்கத்தை அவனே தேடி திருத்தினான்.